தலைமையாசிரியரை நியமித்த பெற்றோர்: சிகாகோ பள்ளிச் சீர்திருத்தம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1989 அக்டோபரில் சிகாகோ நகரத்தில் ஒரு தேர்தல் நடந்தது. மேயரையோ கவர்னரையோ தேர்ந்தெடுக்க அல்ல, பள்ளிக்கூடத்தை நடத்த. ஏறத்தாழ 540 அரசுப் பள்ளிகளில் பள்ளிக்கு ஒன்றாகக் குழுக்களை அமைக்க 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும், அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவருக்கும் ஓட்டு உண்டு. மெக்சிகோவிலிருந்து வந்து இன்னும் குடியுரிமை வாங்காத ஒரு தாய்க்கு அந்த நகரத்தில் இருந்த ஒரே ஓட்டு அதுதான்.

உள்ளூர்ப் பள்ளிக் குழு என்று அதற்குப் பெயர். பெற்றோர் 6 பேர், அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் 2 பேர், ஆசிரியர்கள் 2 பேர், தலைமையாசிரியர். மேல்நிலைப் பள்ளி என்றால் மாணவர் ஒருவரும் உண்டு. கணக்குப் பார்த்தால் பெற்றோருக்கே பெரும்பான்மை. நம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர்தான் அதிகம், ஆனால் சிகாகோ குழுவிடம் இருந்த ஒரு அதிகாரம் இங்கே யாரும் கனவிலும் காணாதது. தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பதும், 4 ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் அவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று தீர்மானிப்பதும் குழுவின் வேலை. ஏழைக் குழந்தைகளுக்காக மாநில அரசு தரும் கூடுதல் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பதையும், பள்ளியின் ஆண்டு முன்னேற்றத் திட்டத்தையும் அதே குழுதான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்படி ஒரு சட்டம் எப்படி வந்தது, வந்து என்ன ஆயிற்று, பிள்ளைகள் உண்மையிலேயே கூடுதலாகப் படித்தார்களா? முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஒரே நகரத்தின் பள்ளிகளை ஆய்வாளர்கள் விடாமல் அளந்துவந்திருக்கிறார்கள். அதனால் சமூகப் பங்கேற்பு, கற்றல் தரநிலை என்ற இரண்டு சொற்களும் மேடையிலிருந்து வகுப்பறைக்குள் போனால் என்ன ஆகும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு வேலைநிறுத்தமும் ஒரு வசவும்

1987இல் சிகாகோ ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 19 பள்ளி நாட்கள் பள்ளிகள் மூடிக்கிடந்தன. அதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகளில் எட்டு முறை இதே கூத்து நடந்திருந்ததால் பெற்றோரின் கோபம் சங்கத்தின் மேல் மட்டும் இல்லை, நகரக் கல்வி வாரியத்தின் மேலும் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரேகன் அரசின் கல்விச் செயலர் வில்லியம் பென்னட் சிகாகோவுக்கு வந்து, நாட்டிலேயே மோசமான பள்ளிகள் இங்கேதான் இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன தொனியில் அக்கறையைவிட அரசியல் அதிகம். ஆனால் வீட்டில் எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளையை வைத்துக்கொண்டு அதை மறுத்துப் பேச எந்தப் பெற்றோருக்கும் வாய் வரவில்லை.

நகரத்தின் முதல் கறுப்பின மேயர் ஹெரால்ட் வாஷிங்டன் பெற்றோர், ஆசிரியர், தொழில் நிறுவனங்கள் எல்லோரையும் ஒரே மேசைக்கு அழைத்திருந்தார். அந்த நவம்பர் 25ஆம் தேதி மாரடைப்பில் இறந்துபோனார். மேசை கலையவில்லை. கறுப்பினப் பெற்றோர் அமைப்புகள், லத்தீன் அமெரிக்கக் குடியிருப்புகளின் சங்கங்கள், டிசைன்ஸ் ஃபார் சேஞ்ச் என்ற ஆய்வு அமைப்பு, சிகாகோ யுனைடெட் என்ற முதலாளிகள் கூட்டமைப்பு என்று சாதாரணமாக ஒரே அறையில் உட்காராதவர்கள் ஒன்றுசேர்ந்து மாநிலச் சட்டமன்றத்தை நெருக்கினார்கள். 1988இல் சிகாகோ பள்ளிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஐந்தே ஆண்டுகளில் சிகாகோ மாணவர்களின் கற்றல் நிலை தேசியச் சராசரியைத் தொட வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இலக்கு எழுதியிருந்தது. எப்படித் தொடுவது என்பதைக் குழுக்கள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

முதல் இடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற விதியை இந்தத் தேர்தல் முறை மீறுகிறது என்று தலைமையாசிரியர்கள் வழக்குப் போட்டார்கள். 1990இல் சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சட்டமன்றம் வாக்களிக்கும் முறையைத் திருத்தி, குழுக்களைக் காப்பாற்றியது.

சரி, குழுக்கள் எப்படி நடந்தன? குடும்பத்தாருக்கு வேலை, ஒப்பந்தத்தில் கமிஷன், கூட்டத்தில் கைகலப்பு என்று பத்திரிகைகளில் வந்த கதைகளைப் படித்தால் எல்லாமே பாழாய்ப்போனதாகத் தோன்றும். 1990களின் நடுவில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்கெடுத்தபோது படம் வேறாக இருந்தது. பாதிக்கும் மேற்பட்ட குழுக்கள் நன்றாகவே நடந்தன. இன்னொரு கால் பங்குக்குக் கொஞ்சம் பயிற்சி தேவைப்பட்டது. பெரிய கோளாறு இருந்தது 10 முதல் 15 விழுக்காடு குழுக்களில்தான்.

ஆனால் ஐந்தாண்டு இலக்கு கிட்டத்தில்கூட வரவில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தொடக்கப் பள்ளிகள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தன, மூன்றில் ஒரு பங்கு தட்டுத்தடுமாறின, மீதி இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரே சட்டம், ஒரே அளவு அதிகாரம், ஏறத்தாழ ஒரே பணம். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? அதற்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அரசியல்வாதிகள் அதுவரை காத்திருக்கவில்லை.

அளவுகோலின் காலம்

1995இல் சட்டமன்றம் பள்ளிகளை மேயர் ரிச்சர்ட் டேலியின் கையில் கொடுத்தது. குழுக்கள் நீடித்தன, ஆனால் நகர மைய நிர்வாகத்துக்குப் பழைய பலம் திரும்பியது. டேலி நியமித்த தலைமை நிர்வாகி பால் வாலஸ் அதற்கு முன் நகரத்தின் வரவுசெலவுத் திட்டத்தைப் பார்த்தவர். எண்களை நம்புகிற மனிதர். 1996இல் 109 பள்ளிகளைக் கண்காணிப்புப் பட்டியலில் போட்டார். வாசிப்பில் தேசியச் சராசரியைத் தொடும் மாணவர்கள் 15 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் பட்டியலில் இடம்.

பிறகு ‘ஆல் பாஸ்’ முறைக்கு முற்றுப்புள்ளி. 3, 6, 8ஆம் வகுப்புகளில் அயோவா தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் வாங்காத பிள்ளை கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்புக்கு வர வேண்டும். ஆகஸ்டில் மறுதேர்வு. அதிலும் தவறினால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். ஆண்டுக்கு 7,000 முதல் 10,000 குழந்தைகள் இப்படி நிறுத்தப்பட்டார்கள். குடியரசுத் தலைவர் கிளின்டன் 1998இல் நாடாளுமன்ற உரையில் சிகாகோவை மற்ற நகரங்களுக்கு உதாரணமாகக் காட்டினார்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். தரநிலை என்றால், இந்த வகுப்பு முடியும்போது பிள்ளைக்கு இது இது தெரிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. இல்லினாய் மாநிலம் அப்படி ஒரு பட்டியலை 1997இல் ஏற்றுக்கொண்டது. அயோவா தேர்வோ நாட்டின் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிற தேர்வு. பின்னங்களைக் கூட்டத் தெரியுமா என்பதை அது சொல்லாது, எத்தனை பேருக்குப் பின்னால் நிற்கிறாய் என்பதைத்தான் சொல்லும். பேச்செல்லாம் தரநிலை, கையில் இருந்ததோ தரவரிசை. ஆசிரியருக்கு ஜூன் மாதம் கிடைத்த அந்த எண்ணை வைத்து நாளைக்கு என்ன பாடம் நடத்துவது என்று தீர்மானிக்க முடியாது.

பலன் என்ன? மதிப்பெண்கள் ஏறின. 6, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் பயத்திலாவது கூடுதலாக உழைத்தார்கள், ஆசிரியர்களும் பின்தங்கியவர்கள் பக்கம் திரும்பினார்கள். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பொருளியலாளர் பிரையன் ஜேக்கப் இன்னொரு கணக்குப் போட்டார். அயோவா தேர்வில் தெரிந்த ஏற்றம், அதே பிள்ளைகள் எழுதிய, தண்டனை ஏதும் இல்லாத மாநிலத் தேர்வில் அந்த அளவுக்குத் தெரியவில்லை. நிறுத்தப்பட்ட 3ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கூடுதல் வருடத்தால் லாபம் ஒன்றும் இல்லை. 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் பின்னால் போனார்கள். 8ஆம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களில் படிப்பையே விட்டுவிட்டவர்கள் அதிகம்.

இன்னொன்றும் நடந்தது. ஜேக்கப்பும் ஸ்டீவன் லெவிட்டும் விடைத்தாள்களைக் கணினியில் போட்டு அலசினார்கள். ஒரு வகுப்பே கடினமான கேள்விகளில் ஒரே மாதிரி சரியான விடைகளை வரிசையாக எழுதியிருப்பது, ஒரு வருடம் தாவி ஏறிய மதிப்பெண் அடுத்த வருடம் தரைதட்டுவது போன்ற தடயங்களைத் தேடினார்கள். ஆண்டுதோறும் குறைந்தது 4 முதல் 5 விழுக்காடு தொடக்கப்பள்ளி வகுப்புகளில் ஆசிரியரோ நிர்வாகியோ விடைகளில் கைவைத்திருக்கிறார்கள் என்பது 2003இல் வெளிவந்த அவர்கள் கணிப்பு. ஆசிரியர்கள் திடீரென்று கெட்டவர்களாகிவிட்டதாக நான் நினைக்கவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று காட்டாமல் எண்ணை மட்டும் கேட்டால், சிலர் எண்ணை மட்டும் தருவார்கள்.

நூறு பள்ளிகள், இன்னொரு நூறு பள்ளிகள்

1990இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிகாகோ பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. ஆந்தனி பிரைக்கும் அவருடைய சகாக்களும் 1990 முதல் 1996 வரை தொடக்கப் பள்ளிகளின் மதிப்பெண், வருகைப்பதிவு, ஆசிரியர்-மாணவர் கருத்துக்கணிப்பு எல்லாவற்றையும் சேர்த்தார்கள். நன்றாக முன்னேறிய ஏறத்தாழ நூறு பள்ளிகளையும் முன்னேறாத ஏறத்தாழ நூறு பள்ளிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். இறுதி அறிக்கை 2010இல் புத்தகமாக வந்தது.

அவர்கள் கண்டது ஐந்து தூண்கள்: தலைமை, பெற்றோரோடும் ஊரோடும் உறவு, ஆசிரியர்களின் திறமையும் கூட்டுழைப்பும், பிள்ளை பயப்படாமல் படிக்கும் சூழல், வகுப்புக்கு வகுப்பு தொடர்ச்சி உள்ள பாடத்திட்டம். இவற்றில் பெரும்பாலானவை வலுவாக இருந்த பள்ளிகள் கணக்கிலும் வாசிப்பிலும் முன்னேற 10 மடங்கு வாய்ப்பு அதிகம். ஏதாவது ஒன்று நீண்ட காலம் சொத்தையாக இருந்தால், மற்ற நான்கும் இருந்தும் முன்னேறுவது அரிது.

பட்டியல் கேட்க மந்தமாகத்தான் இருக்கிறது, பயிற்சி முகாமில் ஒட்டும் சுவரொட்டி மாதிரி. சுவாரசியம் விவரத்தில் இருக்கிறது. பாடத்திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் கணக்குப் பாடம் வகுப்பு ஏற ஏற வேகம் குறைந்து, படித்ததையே திரும்பப் படிப்பதாக இருந்தது. ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்புக்கு நியாயமாகத்தான் நடத்தினார். ஆனால் பக்கத்து வகுப்பில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. மாநிலத் தரநிலைகள் உண்மையில் உதவ முடிந்தது இந்த இடத்தில்தான். போன வருடம் எங்கே விட்டார்களோ அங்கிருந்து தொடங்க ஒரு பொதுப் பேச்சை அவை ஆசிரியர்களுக்குக் கொடுத்தன, அந்த ஆசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்பவர்களாக இருந்தால்.

இன்னொரு விவரம்: ‘கிறிஸ்துமஸ் மரப் பள்ளிகள்’ என்று அவர்கள் பெயர் வைத்த ஒரு வகை. நன்கொடையாளர் வந்தால் காட்ட ஆய்வகம், கலை நிகழ்ச்சி, மாலை வகுப்பு, புதுக் கணினி என்று மரம் முழுக்கத் தொங்கும் அலங்காரம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இருக்காது. அப்படிப்பட்ட பள்ளியைக் கண்ணால் பார்க்காதவர் நம்மில் குறைவு.

ஐந்து தூண்களையும் பிடித்து நிறுத்திய சாந்து நம்பிக்கை. பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் 2002இல் இதைத் தனியாக எழுதினார்கள். இந்த ஆசிரியர் என் பிள்ளையின் நன்மைக்காகத்தான் இதைச் செய்கிறார் என்று பெற்றோர் நம்புவது, தலைமையாசிரியர் சொன்னதைச் செய்வார் என்று ஆசிரியர் நம்புவது. கருத்துக்கணிப்புக் கேள்விகளால் இதை அளந்தார்கள். 1994இல் நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டுக்கு ஒன்று முன்னேறியது. பலவீனமாக இருந்தவற்றில் ஏழுக்கு ஒன்றுதான்.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் அந்த மூன்றில் ஒரு பங்குப் புதிர் அவிழ்கிறது. சட்டம் பெற்றோருக்கு நாற்காலி கொடுத்தது. சில பள்ளிகளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரும் எதிரே இருந்த ஆசிரியரும் பேசிப் பழகி ஒருவரையொருவர் நம்பத் தொடங்கினார்கள். சில பள்ளிகளில் நாற்காலியே சண்டைக்குக் காரணமாயிற்று.

பழகுவது எப்படி என்பதற்கு லோகன் ஸ்கொயர் பகுதியைச் சொல்ல வேண்டும். மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ வம்சாவளிக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. 1995இல் அங்குள்ள குடியிருப்போர் சங்கம் பெற்றோர் வழிகாட்டிகள் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெரும்பாலும் தாய்மார்கள். தினமும் இரண்டு மணி நேரம் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து, பின்தங்கிய நான்கைந்து பிள்ளைகளோடு வாசிப்பார்கள், கணக்குப் போடுவார்கள். தன் பிள்ளை இருக்கும் வகுப்பு மட்டும் கூடாது. 100 மணி நேரம் முடிந்தால் ஒரு சிறு ஊக்கத்தொகை. கேக் விற்கவும் நாற்காலி அடுக்கவும் மட்டுமே கூப்பிடப்பட்டவர்கள் இப்போது பாடத்துக்கு உள்ளேயே வந்துவிட்டார்கள். ஆசிரியர்களுக்கு முதலில் உளவு பார்க்க வருகிறார்களோ என்ற சந்தேகம், தாய்மார்களுக்கு நம் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற கூச்சம். தினம் இரண்டு மணி நேரம் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் கரையும். அந்தத் தாய்மார்களில் சிலர் பின்னர் கல்லூரிக்குப் போய் ஆசிரியர்களாகவே ஆனார்கள். உள்ளூர்க்காரர்களை ஆசிரியராக்கும் மாநிலத் திட்டம் ஒன்று இந்த அனுபவத்திலிருந்துதான் முளைத்தது.

ஆனால் சமூகம் என்றாலே பலம் என்று நினைத்துவிடக் கூடாது. அதே ஆய்வில் மிகக் கசப்பான பக்கம் ஒன்று இருக்கிறது. வேலையில்லாமை, குற்றம், சிதறிய குடும்பங்கள் என்று நொறுங்கிப்போன கறுப்பினக் குடியிருப்புகளில் பள்ளிகள் முன்னேறியது மிகக் குறைவு. அங்கே தூண்கள் மற்ற இடங்களைவிட இன்னும் உறுதியாக இருக்க வேண்டியிருந்தது. ஊரே விழுந்துகிடக்கும்போது, ஊர் வந்து பள்ளியைத் தூக்கும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

ஒன்பதாம் வகுப்பின் கணக்கு

மேல்நிலைப் பள்ளிகளின் கதை வேறு. 2000களின் தொடக்கத்தில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயம் வாங்கி வெளியே வந்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தார்கள்: அடிப்படை சரியில்லை, எட்டாம் வகுப்பு மதிப்பெண் மோசம், வீட்டில் வறுமை.

எலைன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் 2005இல் வேறொன்றைக் காட்டினார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் பத்தாம் வகுப்புக்குப் போகத் தேவையான பாட அலகுகள் இருக்கின்றனவா, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து முக்கியப் பாடங்களில் ஒரு பருவ ஃபெயிலுக்கு மேல் இல்லையா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்தப் பிள்ளை நான்கு ஆண்டில் பட்டயம் வாங்க மூன்றரை மடங்கு வாய்ப்பு அதிகம். பழைய தேர்வு மதிப்பெண்ணைவிட இது துல்லியமாகச் சொன்னது. 2007 அறிக்கை இன்னும் நெருங்கிப் பார்த்தது. நல்ல மதிப்பெண்ணோடு வந்து பருவத்துக்கு இரண்டு வாரம் மட்டம் போடும் பிள்ளை, குறைந்த மதிப்பெண்ணோடு வந்து ஒரு வாரம் மட்டுமே தவறும் பிள்ளையைவிட ஃபெயிலாகும் வாய்ப்பு அதிகம்.

வறுமையைத் தலைமையாசிரியர் ஒழிக்க முடியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று புதன்கிழமை வீட்டுக்கு ஃபோன் பண்ண முடியும். நகரப் பள்ளி நிர்வாகம் பள்ளிகளுக்குப் பட்டியல் அனுப்பத் தொடங்கியது: எட்டாம் வகுப்பிலேயே தடுமாறியவர்கள் யார், இந்தப் பருவத்தில் ஃபெயில் ஆகப்போகிறவர்கள் யார். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் கூடிப் பெயர் பெயராகப் பேசினார்கள். உன் வகுப்பில் தூங்குகிறான், என் வகுப்பில் நன்றாகப் படிக்கிறானே என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம் இதுதான். இதுவும் ஒரு தரநிலைதான், ஆனால் ஆசிரியருக்கும் அம்மாவுக்கும் பதினான்கு வயதுப் பையனுக்கும் ஒரே நிமிடத்தில் புரிகிற தரநிலை. பருவம் முடிவதற்குள் ஏதாவது செய்ய நேரமும் விடுகிறது.

அந்த இரண்டு கேள்விக்கும் ஆம் என்று பதில் வரும் ஒன்பதாம் வகுப்பினரை ‘தடத்தில் இருப்பவர்கள்’ என்றார்கள். அவர்கள் 2007இல் 57 விழுக்காடு. 2013இல் 82. சும்மா பாஸ் போட்டுவிட்டார்களோ என்ற சந்தேகம் நியாயமானது. ஆய்வாளர்களும் அதைத்தான் முதலில் சோதித்தார்கள். அப்படி என்றால் அந்தப் பிள்ளைகள் பத்தாம், பதினொன்றாம் வகுப்பில் விழுந்திருக்க வேண்டும், ஆனால் விழவில்லை. ஐந்தாண்டுக் கணக்கில் பட்டயம் வாங்கியோர் 2011இல் 57 விழுக்காடாக இருந்து 2018இல் 78 ஆனார்கள். இதில் ஒரு கறையும் உண்டு. படிப்பை விட்டவர்கள் சிலரை வேறு பள்ளிக்குப் போனதாக எழுதிவைத்திருந்ததைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்து, 2015இல் நிர்வாகம் பழைய எண்களைச் சுமார் 3 புள்ளிகள் குறைக்க நேர்ந்தது. குறைத்த பிறகும் ஏற்றம் ஏற்றம்தான்.

தொடக்கப் பள்ளிகளுக்கான செய்தி 2017இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது. ஷான் ரியர்டன் நாடு முழுவதும் பள்ளி மாவட்டங்களை, அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் பள்ளித் தொகுதிகளை, ஒப்பிட்டார். 2009 முதல் 2014 வரையிலான தரவுகளின்படி, 3ஆம் வகுப்பிலிருந்து 8ஆம் வகுப்பு வரையிலான ஐந்து ஆண்டுகளில் சிகாகோ மாணவர்கள் ஆறு ஆண்டு அளவுக்கு வளர்ந்திருந்தார்கள். நாட்டின் 96 விழுக்காடு மாவட்டங்களைவிட இது வேகம். பென்னட் வசைபாடிய அதே நகரம்.

அதே காலத்தில்தான், 2013இல், மேயர் ராம் இமானுவேலின் நிர்வாகம் ஏறத்தாழ 50 பள்ளிகளை ஒரே அடியாக மூடியது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கட்டடம் காலியாகக் கிடக்கிறது என்பது காரணம். பெரும்பாலும் கறுப்பினக் குடியிருப்புகள். குழுக்களும் பெற்றோரும் கூட்டம் கூட்டமாக வந்து பேசியும் முடிவு பெரிதாக மாறவில்லை. தலைமையாசிரியரை நியமிக்கிற பெற்றோருக்குப் பள்ளி இருக்குமா என்பதில் பேச்சில்லை. மூடப்பட்ட டயட் மேல்நிலைப் பள்ளிக்காக 2015இல் பெற்றோரும் தாத்தா பாட்டிகளுமாக 12 பேர் 34 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மறு ஆண்டு அது கலைப் பள்ளியாகத் திறந்தது.

2024 நவம்பரில் சிகாகோ முதன்முறையாக நகரக் கல்வி வாரியத்துக்கு வாக்களித்தது. 21 பேரில் 10 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மீதிப் பேரை மேயர் நியமித்தார். 2027 ஜனவரி முதல் எல்லா இடங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இருக்க வேண்டும் என்பது சட்டம். உள்ளூர்ப் பள்ளிக் குழுக்களும் இன்னும் இருக்கின்றன. பல பள்ளிகளில் இப்போது இடங்களை நிரப்பப் போதுமான வேட்பாளர்களே கிடைப்பதில்லை. லோகன் ஸ்கொயரில் வீட்டு வாடகை ஏறி, அந்தத் தாய்மார்களின் குடும்பங்கள் பல வேறு பகுதிகளுக்குப் போய்விட்டன.